பெரியம்மா வீட்டு முற்றத்தில் விழுந்த முட்டை

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஏழாவது படிக்கிறாள். போன வாரம் மொட்டை மாடியில் நின்றுகொண்டு ஒரு அட்டைப் பெட்டியைத் தெருவில் போட்டாள். உள்ளே ஒரு முட்டை. எவ்வளவு உயரத்தில் இருந்து போட்டாலும் முட்டை உடையாதபடி பெட்டி செய்துகொண்டு வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்களாம். பஞ்சு, தெர்மாகோல், விரலால் அமுக்கினால் பட்டுப் பட்டென்று வெடிக்குமே அந்தக் குமிழித்தாள், எல்லாவற்றையும் ஆன்லைனில் வரவழைத்திருந்தாள். கீழே ஓடி வந்து பிரித்துப் பார்த்தாள். மஞ்சள் கரு வழிந்தது. "உடஞ்சிடுச்சி ஆன்ட்டி" என்றாள். நான் யோசிக்காமல் "அப்பாடா" என்று சொல்லிவிட்டேன். அவள் முறைத்த முறைப்பில் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

என்னோடு ஏழாம் வகுப்பு படித்த தோழிகளே, அந்தப் பெண்ணுக்கு உட்கார்ந்து விளக்க எனக்குப் பொறுமை இல்லை. உங்களுக்குச் சொன்னால் புரியும். நம்மில் பாதிப் பேரை மஞ்சள் கருவைத் தொடக்கூடாது என்று டாக்டர் விரட்டிக்கொண்டிருக்கிற வயது இது. முட்டையைப் பற்றிப் பேசவாவது செய்யலாம்.

நம் அறிவியல் டீச்சரை நினைவிருக்கிறதா? வந்தவாசிக்காரர். புதிதாக வேலைக்கு வந்தவர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் மணி அடித்தவுடன் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பார், திங்கட்கிழமை காலையில் அதே பையோடு வருவார். அவர்தான் அந்த ஆடி மாதத்தில் ஒருநாள் சாக்பீஸ் கையோடு திரும்பி நின்று, வரும் திங்கட்கிழமை எல்லாரும் ஆளுக்கு ஒரு முட்டையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், பள்ளிக்கூடத்து மேல் மாடியில் இருந்து போட்டுப் பார்க்கப்போகிறோம் என்று சொன்னார். பெட்டி சாப்பாட்டு டப்பாவை விடப் பெரிதாக இருக்கக் கூடாது. குடை மாதிரி துணி கட்டக் கூடாது. முட்டையின் மேல் பென்சிலால் அவரவர் வரிசை எண் எழுத வேண்டும். "அவிச்சிகினு வரலாமா டீச்சர்" என்று ஒருத்தி கேட்டாள். யார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு அவள் மூன்று பேரப்பிள்ளைகளை மேய்க்கிறாள் என்பதால் சொல்லாமல் விடுகிறேன்.

எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. அம்மாவுக்கு ஆடி மாதம் முழுக்க அம்மன் விரதம். கறி, மீன், முட்டை எதுவும் வாசற்படி தாண்டி உள்ளே வரக்கூடாது. அப்பாவே அந்த மாதத்தில் மெலிந்துபோய்த் தறியில் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துக்கு முட்டை வேண்டும், மாடியில் இருந்து போட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "துன்றத மேலேர்ந்து போட்டு ஒடைக்கச் சொல்ற பள்ளிக்கோடம் எந்த ஊர்ல கீது" என்று கேட்டுவிட்டு அதோடு முடித்துக்கொண்டாள். அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த வீட்டுப்பாடத்தைக் காதால் கேட்ட பெரியவர்கள் யாருமே அதை நம்பவில்லை. பிறகு வந்த வினையெல்லாம் அதில் இருந்து வந்ததுதான்.

எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழுந்தது. மொட்டை மாடியுள்ள பாதி எங்களுக்கு, முற்றமும் ஓட்டுக் கூரையும் உள்ள பாதி அவர்களுக்கு. பின்னால் இருந்த கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. சுவரைக் கிணற்றுக்குக் குறுக்கே வளைத்துக் கட்டினார்கள். அந்தப் பக்கம் ஒரு ராட்டினம், இந்தப் பக்கம் ஒரு ராட்டினம். சுவருக்கும் கிணற்று வாய்க்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து.

அம்மாவும் பெரியம்மாவும் பேசி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரியப்பா மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, வெம்பாக்கத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்து எல்லாம் கூடி வரும் நேரத்தில் கலைந்துபோனது. அம்மா எங்கேயோ வாயை விட்டுவிட்டாள், அதனால்தான் கலைந்தது என்பது பெரியம்மாவின் கட்சி. கிணற்றடியில் இருவரும் ஒரே நேரத்தில் தண்ணீர் இழுப்பார்கள். வாளிகள் இரண்டும் உள்ளே இடித்துக்கொள்ளும். மேலே ஒரு வார்த்தை வராது. அதற்குப் பிறகு வந்தவாசியில் மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அக்காவின் முகூர்த்தப் புடவையைப் பெரியப்பா தன் தறியில் தானே நெய்ய இருந்தார். ஊருக்கெல்லாம் நெய்கிறோம், பெண்ணுக்குக் கடையில் வாங்குவதா என்பது அவர் வாதம்.

அக்காதான் எனக்கு முட்டை கொடுத்தாள்.

கல்யாணப் பெண் உடம்பு தேற வேண்டும் என்று பெரியம்மா தினம் காலையில் அக்காவின் கையில் ஒரு பச்சை முட்டையும் ஒரு கிண்ணம் நல்லெண்ணெயும் கொடுப்பாள். முட்டையின் தலையைத் தட்டி ஓட்டை போட்டு அப்படியே குடித்துவிட்டு, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை ஊற்றி அதையும் குடிக்க வேண்டும். நம் வீடுகளில் பெரியவளானபோது நமக்கும் கொடுத்தார்களே, அதே வைத்தியம். தறிப் பக்கம் முட்டைக் கவுச்சி ஆகாது என்று அக்காவைக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா அங்கே வந்து முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கு மேடையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். ஒருநாள் சந்து வழியாக என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய், உனுக்கு முட்ட வேணும்னு அழுதுகினு இருந்தியே. இந்தா. எங்கம்மாவாண்ட மூச்சு வுட்ட, கொன்னுடுவேன்."

"நீ குடிக்கலியாக்கா?"

"சத்தியமா என்னால முடியலடி. கொமட்டுது. வேலைய முடிச்சிட்டு ஓட்ட மட்டும் திருப்பிக் குடு. அம்மா கருவேப்பில செடியாண்ட ஓடு கீதான்னு பாக்கறா."

அப்படித்தான் எங்கள் வியாபாரம் நடந்தது. காலையில் முட்டை வரும். அம்மா சாமி கும்பிடுகிற நேரம் பார்த்து, நான் பெட்டியில் வைத்து மாடியில் இருந்து எங்கள் கொல்லைக்குப் போடுவேன். உடையும். ஓட்டைக் கழுவிச் சந்து வழியாகக் கொடுப்பேன். அக்கா அதைக் கறிவேப்பிலைச் செடியடியில் போடுவாள். நல்லெண்ணெய் அவள் தலைக்குப் போகும். பெரியம்மா தெருவில் வருவோர் போவோரிடம் எல்லாம், "முட்ட குடிச்சி எம்பொண்ணு மொகம் எப்டித் தேறிடுச்சி பாத்தீங்களா, முடிகூட மினுமினுன்னு ஆய்டுச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முடி விஷயத்தில் அவள் சொன்னது உண்மை.

முதல் பெட்டியில் தவிடு அடைத்தேன். முட்டை நசுங்கித் தவிட்டோடு பிசைந்துகொண்டது. அடுத்து வைக்கோல். அதுவும் தேறவில்லை. தேங்காய் நாருக்கும் அதே கதி. கொல்லையில் காக்கைகள் என்னை எதிர்பார்த்து உட்கார ஆரம்பித்தன. அப்போதுதான் அப்பாவின் தறிக்குப் பின்னால் மூலையில் கிடந்த ஜக்கார்டு அட்டைகள் கண்ணில் பட்டன. புடவைக் கரையில் என்ன உருவம் வர வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற ஓட்டை போட்ட அட்டைகள். அன்னப்பட்சிக் கரைக்கு ஓடி ஓடித் தேய்ந்து, புது அட்டை வந்ததும் அப்பா கழற்றிப் போட்ட கட்டு அது. தடிமனாக இருக்கும், ஆனால் வளைத்தால் ஒடியாது, விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். கையில் வைத்து வளைத்து விட்டு, வளைத்து விட்டு, அன்றைக்குப் பூராவும் அதே வேலையாக இருந்தேன்.

அட்டைகளை விசிறி மடிப்பாக மடித்து நான்கு பக்கச் சுவராக வைத்தேன். இந்த முறை முட்டையைச் சுற்றி எதையும் அடைக்கவில்லை. தறியில் இழைகள் அந்தரத்தில் இழுத்துக் கட்டி நிற்பதைத் தினம் பார்த்து வளர்ந்தவள்தானே நான். தறியடியில் பெருக்கி எடுத்த துண்டு நூல்களை முறுக்கி, அட்டை ஓட்டைகளில் கோத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மேலே கீழே இழுத்து, முட்டை எந்தச் சுவரையும் தொடாமல் நடுவில் தொங்கும்படி கட்டினேன். நூல் அரக்குச் சிவப்பும் மஞ்சளும். அந்த வாரம் அப்பா தறியில் ஓடிய நிறம் அதுதான். வேறு நிறம் ஓடியிருந்தால் இந்தக் கதையே இல்லை. முட்டையின் மேல் பென்சிலால் என் வரிசை எண்ணை எழுதினேன். எழுதி முடித்துப் பெட்டியைக் குலுக்கினால் முட்டை உள்ளே சொகுசாக ஆடியது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

சனிக்கிழமை. பெரியப்பா தறியில் முகூர்த்தப் புடவைக்கான பாவு, நீளவாட்டுப் பட்டு இழை அத்தனையும், முந்தின நாள்தான் ஏறியிருந்தது. வெள்ளிக்கிழமை, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து. ஆனால் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்ததில் இருந்து அவருக்கு இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒன்றை முடிந்தால் இன்னொன்று அறுந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கே கேட்டது, தறி ஓடுவதும் நிற்பதும். கடைசியில் பெரியப்பா, பெரியம்மா, அக்கா மூவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற இடத்துக்குப் போனார்கள்.

நான் மாடியில் ஏறினேன். ஆடிக் காற்று நம் ஊரில் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாவாடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள்தானே நாம். பெட்டியைக் கொல்லைப் பக்கம் நீட்டிக் கையை விட்டேன். காற்று அதை வாங்கிக்கொண்டு பெரியப்பா வீட்டு ஓட்டின் மேல் போட்டது. அது ஓட்டில் உருண்டு, குதித்து, முற்றத்துக்குள் விழுந்து மறைந்தது. கதவு பூட்டியிருந்தது. நான் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவர்கள் வந்து கதவைத் திறந்தார்கள். பெரியம்மா பின்னாலேயே நானும் நுழைந்தேன். முற்றத்தின் நடுவில் பெட்டி கிடந்தது. ஒரு பக்கச் சுவர் பிரிந்து, சிவப்பு மஞ்சள் நூல்களுக்கு நடுவில் முட்டை தெரிந்தது. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவு உயரத்தில் இருந்து விழுந்து, கூரையில் புரண்டு, மறுபடி விழுந்தும் என் முட்டை முழுசாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கு ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும். பெரியம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாத. யாரும் தொடாதீங்க. ஐயோ, பாவு ஏறின மறுநாளே வெச்சிட்டாளே."

"பெரியம்மா, அது என்னுது. ஸ்கூலுக்கு செஞ்சது. மாடிலேர்ந்து போட்டேன், காத்துல இங்க வந்துடுச்சி."

"மாடிலேர்ந்து போட்டா முட்ட ஒடையாம இருக்குமாடி? யாராண்ட கத சொல்ற?"

அதுதான் சங்கதி, தோழிகளே. உடைந்திருந்தால் அது வெறும் குப்பை. திட்டிவிட்டுக் கழுவி விட்டிருப்பார்கள். உடையாததால்தான் அது செய்வினை ஆனது. என் வேலை எவ்வளவுக்கு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்கு வினை பெரிதாயிற்று. சிவப்பு நூல், மஞ்சள் நூல், கட்டித் தொங்கவிட்ட முட்டை, அதன் மேல் எண். "எந்திரம் எழுதிகீறா பாரு" என்றாள் பெரியம்மா. பெரியப்பா குனிந்து, தொடாமல், அட்டையின் ஓட்டைகளை மட்டும் பார்த்தார். நெய்கிறவருக்கு அது முகத்தைப் பார்ப்பது மாதிரி. "இது தம்பி வூட்டு அன்னப்பட்சி அட்ட" என்றார். அத்தோடு சாட்சியமும் முடிந்தது.

இழை அறுந்தது காலையில், முட்டை விழுந்தது அதற்கப்புறம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் பெரியம்மா, எப்போது வைத்தாளோ என்றுதான் சொல்லியிருப்பாள்.

சத்தம் கேட்டு, அப்பாவோடு அம்மா வந்தாள். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். பெரியம்மா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "எங்க வூட்ல இந்த மாசம் முட்டையே கெடையாது. தெருவே அறியும்" என்றாள்.

"துன்றதுக்குக் கெடையாது. இதுக்குன்னு வாங்கினா யாருக்குத் தெரியும்?" என்றாள் பெரியம்மா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முட்டை ஏது என்று அப்பா கேட்டார், பெரியப்பா கேட்டார், அம்மா கேட்டாள். பெரியம்மாவுக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கண்ணாலேயே கெஞ்சினாள். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். என் மௌனத்தைப் பார்த்த பெரியம்மா, "பாத்தியா, கொழந்தைக்குச் சொல்லிக் குடுத்துகீறா, பாதிதான் வந்துது" என்றாள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என்னை அடிக்கவில்லை. "அவளே வெச்சிட்டு எம்மேல போட்றா" என்று மட்டும் சொன்னாள். மாடியில் இருந்து போட்ட முட்டை உடையாமல் இருந்தது என்பதை அவளும் நம்பவில்லை. ஒரே முட்டையை வைத்து இரண்டு வீடும் ஒன்றையொன்று சந்தேகித்தது அப்படித்தான்.

அன்று சாயந்திரத்துக்குள் தெருவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குத் தினம் மோர் வாங்க வருகிற அம்மாள் வரவில்லை. அம்மா மோர்ச் செம்பை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தாள், பிறகு உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். அப்போது எனக்கு மோர் மிச்சமாயிற்றே என்றுதான் தோன்றியது. உங்களில் ஒருத்தியும் எங்கள் தெருவில் இல்லை, இருந்தாலும் பிள்ளைகள் பேச்சை யார் நம்பியிருப்பார்கள்? அப்பா, டீச்சரைக் கூட்டி வந்தால் தீர்ந்துவிடும் என்றார். வந்தவாசியில் எந்தத் தெரு என்று யாருக்குத் தெரியும்? "ஊர்ல போயி டீச்சர் டீச்சர்னு கூவறதா" என்று அவரே சொல்லிவிட்டுத் தறியில் உட்கார்ந்தார்.

பெரியம்மாவின் பயம் என்ன என்பதும் அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளை ஒரு ராட்சசி என்றே நினைத்தேன். ஒரு சம்பந்தம் கலைந்த வீடு. இந்தப் பேச்சு வந்தவாசிக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டாவதும் கலையும். அதற்கப்புறம் அந்தப் பெண்ணை யார் கேட்டு வருவார்கள்? முட்டையைப் பார்த்து அவள் போட்ட கூச்சல் எல்லாம் அந்த நடுக்கம்தான். எனக்கும் ஒரு பெண் பிறந்து, அவளுக்கு வரன் தேடிய பிறகுதான் பெரியம்மாவை நான் புரிந்துகொண்டேன்.

பெட்டியை யாரும் தொடவில்லை. அப்படிப்பட்டதைத் தொட்டவருக்கே அது ஒட்டிக்கொள்ளும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து, சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்தார்கள். தேசூரில் இருந்து மந்திரிக்கிறவரை வரவழைத்தார்கள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜடையும் திருநீறுமாக ஒருவரை எதிர்பார்த்து நான் கிணற்றுச் சந்தில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம், ஒயர் கூடையில் எலுமிச்சம்பழம். ரேஷன் கடைக்காரர் மாதிரி இருந்தார். கூடையை ஒரு குச்சியால் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கவிழ்த்தார்.

"இத்த நான் எடுக்கக் கூடாதும்மா. வெச்சவங்க கையாலதான் எடுக்கணும். எடுத்துட்டா பேஜார் இல்ல, பாவும் அறாம நிக்கும், பொண்ணு கல்யாணமும் நிக்காம நடக்கும்" என்றார்.

ஆள் அனுப்பி அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா வந்தாள். அப்பாவும் நானும் பின்னால் போனோம். தெருவில் பாதி அந்த முற்றத்தைச் சுற்றி நின்றது.

"நான் எடுக்கறேன்" என்றாள் அம்மா. "எனுக்கு ஒரு பயமும் கெடையாது."

அப்பா அவள் கையைப் பிடித்தார். "எடுத்தியானா வெச்சவ நீதான்னு ஆய்டும்."

"எடுக்காட்டி? பயந்துகினா, அதனால அவதான்னு சொல்லுவாங்க. நான் இன்னாதாங்க பண்றது?"

அம்மாவின் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். எதற்கும் வாயடைக்காதவள், நான்கு பேர் பேசினாலும் ஐந்தாவதாகப் பேசுகிறவள், முற்றத்துக்கும் வாசற்படிக்கும் நடுவில் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றாள். நான் வாயைத் திறந்தேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு போனால் போகிறது என்று முடிவு பண்ணிவிட்டேன்.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். யாரையும் பார்க்காமல் நேராக முற்றத்தில் இறங்கினாள். கூடையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். பெட்டியை எடுத்தாள். பெரியம்மா "அடியே" என்று பாய்ந்தாள், பெரியப்பா அவளைப் பிடித்துக்கொண்டார். அக்கா நூல்களை விலக்கி முட்டையை வெளியே எடுத்து, முற்றத்துக் கல்லில் மெதுவாகத் தட்டினாள். தலையில் ஓட்டை விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அண்ணாந்து, முழுசாகக் குடித்தாள்.

அக்கா புறங்கையால் வாயைத் துடைத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இது நேத்து காலைல நீ எனுக்குக் குடுத்த முட்டதாம்மா. நான் குடிக்காம கெணத்தாண்ட இவளுக்குக் குடுத்தேன். ஸ்கூல்ல இவளுக்கு நெஜமாவே கேட்டுகீறாங்க. சித்திக்கு ஒண்ணும் தெரியாது."

பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப மத்த முட்டைங்க?" என்பது.

"எல்லாம் இவதான் ஒடச்சா. இந்த வாரம் நான் ஒண்ணுகூடக் குடிக்கல."

"மொகம் தேறினது?"

"அது பவுடரும்மா."

யாரோ சிரித்தார்கள். தேசூர்க்காரர்தான் என்று நினைக்கிறேன். அக்கா இன்னும் முட்டை ஓட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு நின்றாள். "எண்ண வேணும்" என்றாள். பெரியம்மாவுக்கு நகரத் தெரியவில்லை. அம்மாதான் போனாள். ஒரு வருஷமாக நுழையாத அந்த அடுக்களைக்குள் நேராக நுழைந்து, நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். எது எங்கே இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவின் மோவாயைப் பிடித்து, ஓட்டில் எண்ணெயை ஊற்றி, "மூக்கப் புடிச்சிக்க, ஜல்தியா வுட்டுக்க" என்றாள். அக்கா குடித்தாள். அம்மா தன் முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே அழுதாள். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போயிற்று. அப்படி ஒரு நிம்மதி அதற்கப்புறம் பிரசவ வார்டில்தான் எனக்குக் கிடைத்தது.

பெரியப்பா உள்ளே போய், கோணிகளை நனைத்துக் கொண்டுவந்து தறிப் பக்கத்து ஜன்னல்களில் தொங்கவிட்டார். காய்ந்த காற்றில் பட்டு இழை அறுந்துபோகும், ஈரக்கோணி கட்ட வேண்டும் என்பது அவர் பத்து வயதில் கற்றது. கல்யாணப் பதற்றத்தில் அவரும் அதை மறந்திருந்தார். அல்லது தம்பி பெண்டாட்டி மேல் பழியைப் போடுவது கோணி நனைப்பதை விடச் சுலபமாக இருந்திருக்கலாம். பெரியப்பாவை எனக்குப் பிடிக்கும் என்பதால் மறந்தார் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அந்தத் தலைமுறையில் யார் கேட்டார்கள்? திங்கட்கிழமை காலையில் நான் சீருடை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது வாசலில் நின்றிருந்தாள். கையில் ஒரு முட்டை.

"இந்தா. உங்க டீச்சருக்குக் காட்டணும்ல."

வாங்கிக்கொண்டேன். அவள் போகவில்லை.

"ஏண்டி, எனுக்கு ஒண்ணுதான் வெளங்கல. அவ்ளோ ஒயரத்துலேர்ந்து வுழுந்து எப்டி ஒடையாம இருந்துது?"

"என் பெட்டி அப்டி பெரியம்மா" என்றேன், மிதப்பாக. அவள் முகம் தெளியவில்லை. என் பின்னால் அம்மாவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகமும் அப்படித்தான் இருந்தது. செய்வினை வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த முட்டை ஏன் உடையவில்லை என்பது அவளுக்கும் உறுத்தியிருக்கிறது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்ததற்கு நீங்களே சாட்சி. உங்கள் முட்டைகள் என்ன ஆயின என்று எனக்கு நினைவில்லை. மைதானம் முழுக்க வழுக்கியதும், பியூன் மண் அள்ளிப் போட்டுக்கொண்டே திட்டியதும் நினைவிருக்கிறது. என் பெட்டி ஏற்கெனவே ஒருமுறை விழுந்து அடிபட்டது. பிரிந்த சுவரை அவசரத்தில் ஒட்டியிருந்தேன். மேல் மாடியில் இருந்து டீச்சர் கையை விட்டார். தொப்பென்று விழுந்தது. அன்னப்பட்சி ஓட்டைகள் வழியாக மஞ்சள் கரு ஒழுகியது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

"மொதல்ல வீட்ல போட்டப்ப உடையல டீச்சர். நெஜமா" என்றேன்.

"அதுக்கு யாரு சாட்சி?" என்று அவர் சிரித்தார்.

"எங்க தெருவே சாட்சி டீச்சர்."

அவர் நம்பவில்லை. ஆனால் அந்த அட்டை மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியைக் கழுவி ஆய்வக அலமாரியில் வைத்தார். பத்தாவது முடித்து நாம் வெளியே வருகிறவரை அங்கே இருந்தது. போன வருஷம் ஒரு விழாவுக்குப் போனபோது தேடினேன். அலமாரியே இல்லை.

சாயந்திரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தெருவுக்குள் திரும்பினேன். எங்கள் வாசற்படியில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அம்மாவும் பெரியம்மாவும். ஒரே படியில், தோள் இடிக்க. பெரியம்மா என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள்.

"இன்னா ஆச்சி? ஒடஞ்சிதா?"

"ஒடஞ்சிடுச்சி" என்றேன்.

"நல்லாப் பாத்தியா? சுக்கலாவா?"

"சுக்கலா. கரு எல்லாம் ஊத்திகினு போய்டுச்சி."

"அப்பாடா" என்றாள் பெரியம்மா. பின்னால் அதே நேரத்தில் அம்மாவும் "அப்பாடா" என்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் இருவரையும் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். வெளியே யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள், பிறகு இன்னொருத்தி. அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து சிரிப்பதைக் கேட்டு எனக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. பையைக்கூட இறக்காமல் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.